புதுப்பிக்கும் தேதி

சூளைமேட்டில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு
நூற்றுப் பதினேழு முகவரிகளுக்குச்
சொந்தக்காரனாக இருந்தேன்.

எதற்கும் பட்டா இல்லை,
வில்லங்கச் சான்று இல்லை,
பத்திர அலுவலகத்து மை விரலில் ஒட்டவில்லை.
கார்டின் முதுகில் மூன்று எண்,
கைபேசியில் வந்து விழும் ஆறு எண்,
அவ்வளவுதான்,
இடம் என் பேரில்.

முதல் இருபதும் ஆசையில் வாங்கியவை.
ரயில் நீளப்போகிறது என்று யாரோ சொன்ன இரவில்
ஆதம்பாக்கம் வீடுகள் டாட் காம்.
மே மாத வெயிலில்
ஜில் பதநீர் டாட் இன்.
'ழ' வருகிற பேர் மட்டும் பதினொன்று.
ஒருவன் 'இசட் எச்' போட்டுத் தேடுவான்,
ஒருவன் 'எல்',
வாயப்பயம் விற்கிற ஊரில்
'ஒய்' போடுகிறவளையும் குறை சொல்ல முடியாது.
நாக்கு மடங்குகிற அந்த இடத்தில்தான்
என் காசு வழுக்கி விழுந்தது.

அப்புறம் எந்தப் பேரை வாங்கும் முன்னும்
கீழே ஜெராக்ஸ் கடை ரிஸ்வானிடம் வாயால் சொல்லி
எழுதிக் காட்டச் சொல்வேன்.
தப்பாக எழுதினால் வாங்க மாட்டேன்.
அவன் சரியாக எழுதிய பேரையெல்லாம்
எனக்கு முன்பே யாரோ வாங்கியிருந்தார்கள்.

அம்பத்தூரில் பம்ப் செய்கிறவர்
தன் பேருக்கு நடுவில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.
கோடில்லாதது என்னிடம்.
எண்பதாயிரம் என்றார்.
இரண்டு லட்சம் என்றேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
ஆறு வருஷமாக யோசிக்கிறார்.
அவர் லாரிகளின் பின்னால் அந்தக் கோடு
சௌகரியமாகத்தான் போய்வருகிறது.

கேட்ட விலைக்கே தலையாட்டிய ஒரே ஒரு பேர்
ஃப்ரிட்ஜ் ஆனது.
வாங்கியவன் எந்த நாடென்று தெரியாது.
ஐஸ் தட்டை முறுக்கும்போது
எப்போதாவது நினைத்துக்கொள்வேன்.

ஜூன் வந்தால் இருபத்தாறு பேருக்குக் கெடு.
தலைக்கு ஆயிரத்து நூறு.
யாரும் குடிவராத வீடுகளுக்கு
நான் கட்டும் வாடகை.

கொளத்தூரில் கணக்கு டியூஷன் நடத்தும் ஹெப்சிபா
கெடுவைத் தவறவிட்டார்,
சலுகை நாட்களையும்.
வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் என்பது பின்னால் தெரிந்தது.
பேர் கைநழுவி விழுந்தபோது
நான் கீழே முறத்தோடு நின்றேன்.

போனில் வந்தார்.
இருபத்தைந்தாயிரம் என்றேன்.
"பிள்ளைங்ககிட்ட நான் வாங்கறதே அறுநூறுங்க."
வைத்துவிட்டார்.

அந்தப் பேருக்கு எழுதியவை
என் பெட்டிக்கு வரத் தொடங்கின.
மிஸ், மழை, நாளைக்கு கிளாஸ் உண்டா?
மிஸ், அப்பாவுக்கு சம்பளம் வரலை, பத்தாம் தேதி தரட்டுமா?
மிஸ், மூணாவது கணக்குல விடை மைனஸ் வருது, சரியா?

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
போட்டுப் பார்த்தேன்.
மைனஸ்தான்.
யாராக இருந்து பதில் எழுதுவது?

ஒன்பது நாள் கழித்து நானே கூப்பிட்டேன்.
மாற்றித் தருவதற்கான ரகசியக் குறியீடு
பதினாறு எழுத்து.
வாட்ஸ்ஆப் வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றார்.
நம்பவில்லை.
நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இருந்தது.

டி, தாம்பரம், சின்னது.
ஏ, அடையாறு, பெரியது.
ஏழு.
பி, பல்லாவரம், சின்னது.
எம், மாதவரம்.
"பெரியதா சின்னதா?"
பெரியது.
கியூ.
கியூவில் தொடங்கும் ஊர்
எனக்குத் தெரிந்த சென்னையில் இல்லை.
இரண்டு முனையிலும் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
"ரேஷன் கடை," என்றார் அவர்,
"எழுதிக்கிட்டேன், மேல சொல்லுங்க."

சாயங்காலம் கைபேசி சிணுங்கியது.
நான் கட்டியிருந்த ஆயிரத்து நூறு,
மொய் வைப்பதுபோல்
மேலே ஒரு ரூபாய்.